மூளைக்கட்டி ஆபரேஷன்: முழு மயக்கமா, அரைத்தூக்கமா?

மூளையில் கட்டி என்று தெரிந்தபிறகு, ஆபரேஷனைவிட மயக்க மருந்தைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறோம் என்று கடலூர், புதுச்சேரி வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். புதுச்சேரியில் பணியாற்றும் மயக்கவியல் மருத்துவர் பதில் சொல்கிறார்.

என் கணவருக்கு 46 வயது, பள்ளிக்கூட ஆசிரியர். இரண்டு தடவை ஃபிட்ஸ் வந்து எம்ஆர்ஐ எடுத்ததில், மூளையின் இடப்பக்கம் பேச்சு வரும் இடத்தை ஒட்டிக் கட்டி இருக்கிறது என்றார்கள். 'ஆபரேஷன் நடுவில் எழுப்பி, பேசவைத்துத்தான் கட்டியை எடுக்கணும்' என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது. முழு மயக்கம் கொடுத்துச் செய்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்கிறார் என் அண்ணன். முழித்திருக்கும்போது மண்டையைத் திறந்தால் வலி தாங்குமா டாக்டர்?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அம்மா, வலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் போகாமல் மற்ற எதுவும் காதில் ஏறாது. மூளைக்கு வலி தெரியாது. காலில் முள் குத்தினால் வலியை உணர்வது மூளைதான், ஆனால் மூளைச் சதையைத் தொட்டாலும் வெட்டினாலும் வலிப்பதற்கான நரம்பு முனைகள் அதற்குள் இல்லை. வலிப்பதெல்லாம் அதற்கு மேலே இருப்பவை: தலைத்தோல், எலும்பை ஒட்டிய மெல்லிய படலம், எலும்புக்கு அடியில் மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறை. தலைத்தோலுக்கு ஒரு பக்கத்துக்கு ஆறு நரம்புகள் என்று கணக்கு. புருவத்துக்கு மேல், பொட்டுப் பக்கம், காதுக்கு முன்னும் பின்னும், பிடரியில் என்று அவை வெளியே வரும் இடம் பார்த்து ஊசி போட்டு மரக்கவைப்போம். பல் பிடுங்கும்போது தாடையில் போடுவார்களே, அதே வகை மருந்துதான், இன்னும் நீண்ட நேரம் நிற்கும். தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள மூன்று ஊசிமுனை உள்ள ஒரு கவ்வியைப் பொருத்துவார்கள், அந்த மூன்று இடத்திலும் தனியாக மருந்து போடுவோம். மூளை உறைக்கும் தனியாகப் போட வேண்டும், அந்த உறை இழுபடும்போது சிலருக்கு ஒரு தலைவலி போல வரும், அவர் சொன்னால் உடனே மருந்து கூட்டுவோம். வலியே இருக்காது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், தாங்க முடியாத வலியில் விட்டுவிட மாட்டோம் என்று கொடுப்பேன்.

அப்புறம், 'முழித்திருக்கும்போது மண்டையைத் திறப்பார்கள்' என்பது பெரும்பாலான இடங்களில் அப்படியே நடப்பதில்லை. தோலைக் கீறி எலும்பைத் திறக்கும்வரை அவரைத் தூக்கத்தில் வைத்திருப்போம். அதற்கு இரண்டு வழி. ஒன்று, முழு மயக்கம் கொடுத்துத் தொண்டையில் ஒரு மாஸ்க் குழாய் வைத்துத் தூங்கவைத்து, மூளை தெரிந்தபிறகு குழாயை எடுத்துவிட்டு எழுப்புவது, வேலை முடிந்ததும் மறுபடி தூங்கவைப்பது. இன்னொன்றுதான் செடேஷன் என்கிற அரைத்தூக்கம். குழாய் எதுவும் கிடையாது, அவரே மூச்சு விடுவார், புரோபஃபால், டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஓடவிட்டுக் கண் சொக்கவைத்திருப்போம், பெயரைச் சொல்லித் தோளைத் தட்டினால் கண் திறப்பார். டெக்ஸ்மெடிடோமிடினில் மூச்சு அதிகம் குறையாது, ஆனால் நாடித்துடிப்பும் பிரஷரும் இறங்கும், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்வது என்பது அந்த மயக்க மருத்துவரின் பழக்கத்தையும் உங்கள் கணவரின் உடல்வாகையும் பொறுத்தது. இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இரண்டு முறையிலும் பாதியில் கைவிட நேர்ந்தது நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான்.

சரி, எதற்கு எழுப்புகிறார்கள்? உங்கள் அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். இந்த வகைக் கட்டிகளில், கட்டி எங்கே முடிகிறது, நல்ல மூளை எங்கே ஆரம்பிக்கிறது என்பது பல நேரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் தெரியாது. பேச்சு இருக்கும் இடமும் ஆளுக்கு ஆள் சில சென்டிமீட்டர் மாறும். அதனால் சர்ஜன் ஒரு சின்னக் கருவியை எடுப்பார், அதன் நுனியில் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு உருண்டை முனை இருக்கும். அதை மூளையின் மேல் மூன்று நான்கு விநாடி வைத்தால் மிகச்சிறிய மின்சாரம் பாய்ந்து, அந்த இடம் மட்டும் அந்த விநாடிக்கு வேலை செய்யாமல் நிற்கும். அதே நேரம் உங்கள் கணவர் முன்னால் இருக்கும் திரையில் ஒரு படம் வரும். ஆடு, குடை, பலாப்பழம் என்று தெரிந்த படங்கள்தான். 'இது ஒரு குடை' என்று முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்வோம். 'இது ஒரு' என்று சொல்லிவிட்டுக் குடை வராமல் திணறினால், பெயர் எடுத்துக் கொடுக்கும் இடத்தைத் தொட்டிருக்கிறோம். 'இது' கூட வரவில்லை, வாயே நின்றுவிட்டது என்றால், நாக்கையும் உதட்டையும் பேச்சுக்காக ஆட்டும் இடம். கருவியை எடுத்ததும் பேச்சு திரும்பிவிடும். அந்த இடத்தில் நகக்கண் அளவு எண் எழுதிய சீட்டு ஒன்றை வைத்து, 'இங்கே கை வைக்கக் கூடாது' என்று குறித்துக்கொண்டு, மற்ற பக்கமாகக் கட்டியை எடுப்பார்கள். எடுக்க எடுக்க அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வார்த்தை குழறினாலும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர் சொல்வார், சர்ஜன் கை நிற்கும்.

முழு மயக்கத்தில் இதைச் செய்ய வழியே இல்லை. தூங்குகிறவரிடம் பேச்சைச் சோதிக்க முடியாது. அப்போது சர்ஜனுக்கு முன்னால் இருப்பவை இரண்டே வழிகள்: பேச்சு போனாலும் போகட்டும் என்று எடுப்பது, பயந்து கட்டியின் ஒரு பகுதியை விட்டுவருவது. 2012-இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. இப்படி மின்தூண்டலால் இடம் குறித்துக்கொண்டு ஆபரேஷன் செய்தவர்களில் நீடித்த கடுமையான பாதிப்பு 3.4 சதவீதம், அப்படிச் செய்யாதவர்களில் 8.2 சதவீதம். கட்டியை முழுசாக எடுக்க முடிந்ததும் முதல் குழுவில்தான் அதிகம்: அவர்களில் 75 சதவீதம், மற்றவர்களில் 58 சதவீதம். அந்தக் கணக்கில் விழிப்பில் செய்தவர்களும் மயக்கத்தில் கை கால் அசைவை மட்டும் சோதித்துச் செய்தவர்களும் கலந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பேச்சு இடம் என்று வந்தால் எழுப்பாமல் சோதிக்க முடியாது. உங்கள் கணவர் வகுப்பில் நின்று பேசிச் சம்பாதிக்கிறவர். அவர் பேச்சைக் காப்பாற்ற மெனக்கெடும் டாக்டரைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

இது நேற்று வந்த முறையும் இல்லை. கனடாவின் மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் 1930-களிலேயே வலிப்பு நோயாளிகளுக்குத் தலைத்தோலை மரக்கவைத்து, பேசவைத்துக்கொண்டே செய்தார். அவரிடம் படித்துவிட்டு வந்த ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் வேலூர் சிஎம்சியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். நம்ம பக்கத்துக்கும் இந்த முறைக்கும் அவ்வளவு பழைய தொடர்பு.

ஆபத்தும் உண்டு, மறைக்கக் கூடாது. அந்த மின்தூண்டலே சிலருக்கு அங்கேயே ஃபிட்ஸை வரவைக்கும், ஏற்கெனவே ஃபிட்ஸ் உள்ள உங்கள் கணவருக்கு அதற்கான வாய்ப்பு உண்டு. ஐஸ் போலக் குளிரவைத்த சலைனைத் தயாராக வைத்திருந்து மூளை மேல் ஊற்றினால் பெரும்பாலும் உடனே அடங்கிவிடும், அடங்காவிட்டால் மருந்து. எழுப்பியபிறகு சிலர் குழம்பிப்போய் ஒத்துழைக்க மாட்டார்கள், அப்போது முழு மயக்கத்துக்கு மாறுவோம், அதற்கான குழாயும் மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். எனவே அண்ணனிடம் சொல்லுங்கள், கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'இந்த ஆஸ்பத்திரியில் இதை வழக்கமாகச் செய்கிறீர்களா, பேச்சைச் சோதிக்க யார் பக்கத்தில் உட்காருவார்?' இதற்குத் தெளிவான பதில் கிடைத்தால் அங்கேயே செய்யுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது, நான்கு வருஷத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. இப்போது மெனிஞ்சியோமா கட்டி, முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்யணும் என்கிறார்கள். இதயம் பலவீனமானவருக்கு லேசான செடேஷன் கொடுத்தால் பாதுகாப்பு அல்லவா?
– வாசகர், அரியாங்குப்பம்

இந்த எண்ணம் ரொம்பப் பேருக்கு இருக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். செடேஷன் என்பது முழு மயக்கத்தின் குறைந்த டோஸ் அல்ல, அதனால் ஆபத்தும் குறைந்தது என்று நினைக்காதீர்கள். முழு மயக்கத்தில் மூச்சுக்குழாயில் ஒரு டியூப் இருக்கிறது, வென்டிலேட்டர் மூச்சு விடுகிறது, எவ்வளவு மூச்சு என்பது எங்கள் கையில். செடேஷனில் மூச்சுப்பாதை நோயாளியிடமே இருக்கிறது. மருந்து ஒரு துளி கூடி அவர் மூச்சு மெதுவானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும், அது ஏறினால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், திறந்திருக்கும் மண்டைக்குள் மூளை வீங்கி மேலே வரும். கை, வயிறு ஆபரேஷனில் பெரிதாகத் தெரியாத இந்த விஷயம் மூளை ஆபரேஷனில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தலையோ கவ்வியில் மாட்டியிருக்கிறது, துணி போர்த்தியிருக்கிறது, அந்த நிலையில் அவசரமாக டியூப் போடுவது சாதாரண வேலை இல்லை.

அதோடு உங்கள் அப்பாவின் கட்டி மூளைக்குள் முளைத்தது இல்லை, மூளை உறையில் முளைத்தது. வலிக்கிற இடமே அதுதான். பல மெனிஞ்சியோமாக்களில் ரத்த ஓட்டமும் அதிகம், ரத்தம் போவதைச் சமாளிக்க நேரிடலாம். பேச்சைச் சோதிக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இருக்காது. மணிக்கணக்கில் ஒரே பக்கமாகப் படுத்து, நாக்கு வறண்டு, இடுப்பு கடுத்து, பதற்றத்தில் பிரஷர் ஏறிக்கொண்டே போனால் ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு அதுதான் கெடுதல். முழு மயக்கத்தில் மணிக்கட்டு ரத்தக்குழாயில் சின்னக் குழாய் வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷரைத் திரையில் பார்த்துக்கொண்டே மருந்தைக் கூட்டிக் குறைக்கலாம். எக்கோ எடுத்து, இதய டாக்டர் கருத்தையும் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று அவரும் சர்ஜனும் சேர்ந்து சொல்லட்டும். நீங்களாக நிறுத்தவே வேண்டாம், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து ஒரு பக்கம், மூளையில் ரத்தக்கசிவு ஆபத்து மறு பக்கம், இரண்டையும் எடைபோடத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய முடிவு.

எனக்கு 29 வயது, டூவீலர் மெக்கானிக். வலது கையை அசைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டி. ஓர் இடத்தில் 'மயக்கத்திலேயே நரம்பை மானிட்டர் பண்ணிச் செய்வோம்' என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 'எழுப்பிச் செய்தால் நல்லது' என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் தம்பி. கை அசைவு பேச்சைப் போல இல்லை, தூங்கும்போதும் சோதிக்கலாம். கை கால் தசைகளில் மெல்லிய ஊசிகளைக் குத்திவைத்து, மூளையைத் தூண்டினால் தசையில் அலை வருகிறதா என்று திரையில் பார்ப்பார்கள். இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. டியூப் போட்டபிறகு தசையைத் தளர்த்தும் மருந்தைத் தொடர்ந்து கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அலையே வராது. மூச்சில் கொடுக்கும் மயக்க வாயுவும் அந்த அலையை அமுக்கும், அதனால் ரத்தக்குழாய் வழியே புரோபஃபாலும் வலி மருந்தும் ஓடவிட்டு மயக்கத்தில் வைப்போம்.

ஆனால் அந்த அலை சொல்வது, மூளையிலிருந்து தசைவரை பாதை திறந்திருக்கிறதா என்பதை மட்டும்தான். கார்புரேட்டரில் ஊசி அளவு திருகைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே திருப்புகிறீர்களே, அந்த நுணுக்கம் இருக்கிறதா என்று அது சொல்லாது. எழுப்பினால் விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலோடு தொடச் சொல்லலாம், ஒரு நட்டைக் கையில் கொடுத்து உருட்டச் சொல்லலாம். உங்கள் பிழைப்பு அந்த விரல்களில் இருப்பதால், இந்தத் தொழில் செய்கிறேன் என்று சர்ஜனிடம் விவரமாகச் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் 'தொழில்' என்ற கட்டத்தில் ஒரு வார்த்தை எழுதினால் போதாது. கட்டி பெரிதாகி மூளை அழுத்தம் ஏறியிருந்தாலோ, கை ஏற்கெனவே ரொம்ப பலவீனமாகியிருந்தாலோ, எழுப்பிச் சோதிப்பதில் பயன் குறைவு, மயக்கத்திலேயே செய்வது நல்லது.

என் அம்மா பேசுவது வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். விழிப்பு ஆபரேஷனில் எந்த மொழியில் சோதிப்பார்கள்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

அருமையான கேள்வி, இதைப் பலர் டாக்டரிடம் சொல்வதே இல்லை. இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு இரண்டுக்கும் பொதுவான இடங்களும் உண்டு, ஒன்றுக்கு மட்டுமே உரிய இடங்களும் உண்டு. தமிழில் மட்டும் சோதித்தால் தெலுங்குக்கான ஓர் இடம் தெரியாமலேயே போகலாம். ஆபரேஷனுக்கு முன்பே, எந்த மொழியில் கணக்குப் போடுவார், எதில் கோபப்படுவார், பேரப்பிள்ளைகளிடம் எதில் பேசுவார் என்று சொல்லிவிடுங்கள். படங்களை முதல் நாளே காட்டி இரண்டு மொழியிலும் பெயர் சொல்லவைத்து, தடங்கல் இல்லாமல் வருகிற படங்களை மட்டும் வைத்துக்கொள்வது முறை. குழுவில் தெலுங்கு தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஒருவர் படங்களுக்கான பெயர்களைச் சரியாக எழுதிக் கொடுத்து, பேச்சுப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பழக்கிவிடலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு பேசிப் பழகிய பெரியவர்கள் வீட்டுக்கும் இதே பதில்தான்.

மாமாவுக்கு மூளையில் பயாப்ஸி மட்டும் எடுக்கப்போகிறார்கள். அதற்கும் முழு மயக்கமா?
– வாசகர், பண்ருட்டி

பெரும்பாலும் வேண்டியதில்லை. எலும்பில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, ஸ்கேன் காட்டும் வழியில் ஊசியை விட்டுச் சோதனைக்காகத் துளி சதை எடுப்பார்கள். தோலை மரக்கவைத்து லேசான செடேஷன் போதும், ஓட்டை போடும் சத்தம் மட்டும் தலைக்குள் பலமாகக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அசையாமல் படுக்க முடியாதவருக்கும், பயம் அதிகமுள்ளவருக்கும் முழு மயக்கம்.

ஒன்பது வயது மகனுக்குச் சிறுமூளையில் கட்டி. செடேஷன் போதுமா?
– வாசகி, வில்லியனூர்

வேண்டாம் அம்மா. அந்த வயதுக்கு, அந்த இடத்துக்கு முழு மயக்கம்தான். குப்புறப் படுக்கவைத்துச் செய்ய நேரிடும், மூச்சுக்குழாய் டியூப் இல்லாமல் அது முடியாது. அந்த மயக்கத்தில் அவனுக்கு வலியும் தெரியாது, எதுவும் ஞாபகமும் இருக்காது. தூங்கும்வரை நீங்கள் பக்கத்தில் இருக்க அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் விடுகிறார்கள்.

முழு மயக்கத்தில் நடுவில் முழிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? விழிப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு அதெல்லாம் ஞாபகம் இருந்து கனவில் வருமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

மயக்கத்தில் முழிப்பு வருவது மிக அரிது. பிரிட்டன், அயர்லாந்து மருத்துவமனைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், நோயாளிகளே வந்து சொன்னதை வைத்துப் பார்த்ததில், சுமார் 19,000 மயக்கத்துக்கு ஒன்று. நெற்றியில் ஒட்டி மூளை அலையைப் பார்க்கும் கருவியும் இப்போது பல இடங்களில் இருக்கிறது, தசை தளர்வு மருந்தோடு ரத்தக்குழாய் வழி மயக்கம் கொடுக்கும்போது அது நல்ல துணை.

விழிப்பு ஆபரேஷனில் கொஞ்சம் ஞாபகம் இருக்கத்தான் செய்யும். ட்ரில் சத்தம், தாகம், படுத்த பக்கம் மரத்துப்போனது, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது. ஆனால் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்ளும்படியாகத்தான் இருந்தது என்கிறார்கள். என்ன நடக்கும் என்று முன்பே யாரும் உட்கார்ந்து சொல்லாதவர்களுக்குத்தான் அது பயங்கரமாக மனதில் தங்குகிறது. ஆபரேஷனுக்கு முன் அரை மணி நேரம் நோயாளியோடு பேசாத மயக்க மருத்துவர் இந்த வேலையை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து, இதில் நான் பிடிவாதக்காரன். அந்த நாலு மணி நேரத்தில் போர்த்திய துணிக்கு அடியில் அவர் கண்ணுக்குத் தெரியும் முகம் எங்கள் முகம்தான், முன்பின் பார்க்காத முகமாக அது இருக்கக் கூடாது.

கோரிமேடு ஜிப்மரில் காட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் மயக்க டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்ல வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகி, பாகூர்

குறட்டையைச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவர்தான் பார்த்திருப்பார், அவரே கூட வரட்டும். அப்படி இருந்தால் செடேஷன் சரிப்பட்டு வராமல் போகலாம். விடாத இருமல், படுத்தால் மூச்சு வாங்குவது, மூடிய இடத்தில் பயம், காது மந்தம், முன்பு எந்த ஆபரேஷனிலாவது மயக்கத்தில் தொல்லை, வீட்டில் வேறு யாருக்காவது அப்படி நடந்தது எல்லாம் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட், ஹான்ஸ், சாராயம் எதையும் மறைக்காதீர்கள், தினம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபரேஷனுக்குப் பிறகு உளறலும் ஃபிட்ஸும் வரும், முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கலாம். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள், நாட்டு மருந்தும் அதில் சேர்த்தி. மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருந்தால் சர்க்கரை ஏறும், கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவைக் குறித்துக்கொண்டு போங்கள்.

ஆபரேஷன் அன்று பொதுவாகச் சாதம், இட்லி போன்றதற்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி கேட்பார்கள், உங்களுக்குச் சொன்ன நேரத்தையே பின்பற்றுங்கள். ஃபிட்ஸ் மாத்திரையை மட்டும் வெறும் வயிறு என்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் தவிர ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்க வேண்டும். ஆடுகிற பல்லைச் சொல்லுங்கள், பல்செட்டைக் கழற்றி வீட்டு ஆளிடம் கொடுங்கள். ஆனால் எழுப்பிச் செய்கிற ஆபரேஷன் என்றால் மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு தியேட்டருக்குள் அனுப்பச் சொல்லி நர்ஸிடம் கேளுங்கள். கண்ணாடி இல்லாமல் குடையைப் பார்த்துக் காளான் என்று சொன்னால், பேச்சு இடத்தைத் தொட்டுவிட்டோமோ என்று நாங்கள் அங்கே கை நிறுத்திவிடுவோம்.